நிலம் நம் பெயரில், நட்டவர் பெயர் எங்கே?

சிங்கப்பூரில் வாழும் நம் ஊர் நிலக்காரர்களுக்கு,

வணக்கம். அண்ணன், தம்பி, மாமன், மச்சான் என்று முறை வைத்து ஒவ்வொருவரையும் விளித்தால் தாள் அதிலேயே தீர்ந்துவிடும். அதனால் பொதுவாகவே எழுதுகிறேன். ஊர்ப் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நமக்குத் தெரியும். வேறு ஊர்க்காரர் யாராவது படித்தால் தம் ஊர்ப் பெயரைப் போட்டு வாசித்துக்கொள்ளட்டும். மன்னார்குடி, நீடாமங்கலம், ஒரத்தநாடு சுற்றுவட்டாரத்தில் பெரும்பாலும் பொருந்திப் போகும்.

ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) கூடுகிறோம். ஊர் நுழைவு வளைவுக்கு ஆளுக்கு 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று பேச்சு. நான் தருகிறேன், அதில் தகராறு இல்லை. வளைவில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று இரண்டு கூட்டம் பேசியாயிற்று. மூன்றாவது கூட்டத்தில் எனக்கு அரை மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். நானும் பெயர் எழுதுவதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சிமெண்டில் எழுதும் பெயர் இல்லை. கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் எழுத வேண்டிய பெயர்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஏழரை மா. ஏக்கர் கணக்கில் இரண்டரை. அப்பா இறந்த பிறகு பட்டா என் பெயருக்கு மாறியது. சாகுபடி செய்கிறவர் கிழக்குத் தெருப் பெரியவர். என் அப்பா அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார், அதுவும் ஒருமையில். இத்தனைக்கும் அப்பாவைவிட அவர் மூன்று வயதுதான் இளையவர். நான் அவரைப் ‘பெரியவரே’ என்கிறேன். அவர் என்னைத் ‘தம்பி’ என்று சொல்லத் தயங்கி, எந்த விளிப்பும் இல்லாமலே பேச்சை முடித்துவிடுகிறார். குத்தகை, மாவுக்கு இரண்டு மூட்டை. எல்லாம் வாய்ப்பேச்சு. துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பருவம் தவறிப் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பாவும் தாளடியும் சாய்ந்து தண்ணீரில் கிடந்தன. 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஏழரை மா என்பது ஏறக்குறைய ஒரு ஹெக்டேர். பிறகு ஒரு நாள் துவாஸில், கட்டுமானத் தளத்தின் நிழலில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. ஊர்க் கணக்கில் பணம் வரவு.

நான் ஒரு நாற்று நடவில்லை. ஒரு மூட்டை யூரியா சுமக்கவில்லை. அந்த மழையை நான் பார்க்கக்கூட இல்லை, காணொளியில் தவிர. ஆனால் நில உடைமைப் பதிவான சிட்டாவில் என் பெயர், அடங்கலில் என் பெயர், அதனால் நிவாரணமும் எனக்கு. அந்தப் பணத்தைப் பெரியவருக்கு அனுப்ப நான் நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் இல்லை. மகளுடைய துணைப்பாட வகுப்புக் கட்டணம், அது, இது என்று அந்த மாதச் செலவில் கலந்துவிட்டது. அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்குமோ என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். வந்திருக்கும்.

இதை ஊரறியச் சொல்வதற்கு ஒரே காரணம்தான். இந்தப் பணம் எனக்கு மட்டும் வரவில்லை. யார் யாருக்கு வந்தது, யார் திருப்பிக் கொடுத்தார், யார் மறந்துபோனார் என்ற விசாரணைக்கு நான் வரவில்லை. அவரவர் கணக்குப் புத்தகம் அவரவரிடம் இருக்கிறது.

நாம் பிழைக்க வந்த ஊரில் நிலைமை எப்படி என்று பாருங்கள். காலையில் தளத்துக்குள் காலடி வைக்கும்போதே என் பெயர் பதிவாகிறது. உயரத்தில் ஏறி வேலை செய்ய வேண்டுமென்றால் அதற்கென்று அனுமதித் தாள், அதில் கையெழுத்து. இப்போது புதிதாக வரும் தம்பிகளுக்கு மனிதவள அமைச்சின் ஒப்புதல் கடிதம் தாய்மொழியிலும் வருகிறது. சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று அதில் இருக்கிறது. வேலையிடத்தில் என் விரல் நசுங்கினால் இழப்பீடு எனக்குத்தான். கட்டடத்தின் சொந்தக்காரர் வங்கிக் கணக்கில் அது விழுந்தால் நாம் சும்மா இருப்போமா? சம்பளம் ஒரு வாரம் தள்ளிப்போனாலே அமைச்சில் புகார் கொடுக்கலாமா என்று தங்கும் விடுதியில் விடிய விடியப் பேசுகிறவர்கள் நாம். நானும் பேசியிருக்கிறேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியதே, அந்த வாரம் நாம் கடை கடையாக ஏறி இறங்கினோம். தடை புழுங்கல் அரிசிக்கு இல்லை என்று செய்தியில் படித்த பிறகும் நான் இரண்டு பை பொன்னி கூடுதலாகத் தூக்கி வந்தேன். ஆகஸ்ட் கடைசியில் சிங்கப்பூருக்கு விலக்குத் தரப்போவதாக இந்தியா அறிவித்தது, மூச்சு வந்தது. உண்ணும் அரிசிக்கு வெளிநாட்டையே நம்பியிருக்கும் நாடு இது. இங்கே அரிசி இறக்குமதி செய்கிறவர் மாத இறக்குமதியைப் போல இரண்டு மடங்கைக் கிடங்கில் இருப்பு வைத்தாக வேண்டும். கிடங்கில் தூங்குகிற மூட்டைக்கு இவ்வளவு கணக்கு. அதை விளைவித்தவருக்கு நம் வயலில் ஒரு வரி கிடையாது.

கடந்த தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். பெரியவர் வீட்டில் இல்லை. கொள்முதல் நிலையத்து வாசலில் ஒன்பதாவது நாளாக நெல்லோடு கிடக்கிறார் என்றார்கள். 2025 அக்டோபரில் டெல்டாவின் நிலைமை அதுதான். குறுவை நன்றாக விளைந்திருந்தது. மழை முந்திக்கொண்டது. நெல் சாலையோரமாகக் குவிந்து கிடந்தது. ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருந்தால் எடுப்பார்கள், அவருடையது 21 காட்டியது. வெயில் எட்டிப் பார்த்தால் படுதாவை விலக்கிக் காலால் நெல்லைக் கிண்டிவிடுவார். மேகம் கறுத்தால் ஓட்டமாக ஓடி அம்பாரம் கூட்டி மூடுவார். நான் போன அன்று மட்டும் நான்கு தடவை அப்படிச் செய்தார். அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது.

இரவு நானும் அங்கேயே படுத்தேன். நடுச்சாமத்தில் எழுப்பி, என் கையைப் பிடித்து அம்பாரத்துக்குள் முழங்கை வரை செருகினார். உள்ளே சூடு, காய்ச்சல் கண்ட பிள்ளையின் அக்குளில் கை வைத்தாற்போல. வெளியே எடுத்தபோது விரலிடுக்கில் ஒட்டிவந்த நெல்லில் வெள்ளையாக ஒரு முளை, தையல் நூல் தடிமனில்.

“இது போய்விடும்” என்றார்.

“எது?”

“அடியில் இருப்பது.”

அவ்வளவுதான் பேச்சு. தலைக்கு வைத்திருந்த மஞ்சள் பையை விடிந்ததும் பிரித்துக் காட்டினார். என் சிட்டா நகல், என் அடங்கல் நகல், நான் எப்போதோ அனுப்பிய என் ஆதார் நகல். அவருடையது என்று அந்தப் பையில் இருந்த ஒரே காகிதம் சர்க்கரை மாத்திரைச் சீட்டு.

அவர் சொன்ன கணக்கை எழுதுகிறேன். ஊர்க் கணக்கு நமக்குப் புரியும். மாவுக்குப் பத்து மூட்டை கண்டது, அறுபது கிலோ மூட்டை. ஏழரை மாவுக்கு 75 மூட்டை, அதாவது 45 குவிண்டால். 2025-26 பருவத்தில் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து சாதாரண ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545. சாதாரண ரகத்தில் வைத்தால் 1,12,500. உழவு, விதை, நடவு, உரம், களை, அறுவடை இயந்திர வாடகை எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு முப்பதாயிரம் என்று 75,000 போனது. எனக்குக் குத்தகை 15 மூட்டை, அது 22,500. மிச்சம் 15,000. அடியில் முளைத்து வீணானது நான்கு மூட்டை, அதற்கு 6,000 கழித்தால் 9,000 ரூபாய். ஏறத்தாழ 130 வெள்ளி. நூற்றைந்து நாள் பயிருக்கு, ஒரு குடும்பத்தின் உழைப்புக்கு. நம்மில் பலருக்கு இது இரண்டு நாள் சம்பளம். வட்டியை அவர் கணக்கில் சேர்க்கவில்லை, நானும் கேட்கத் துணியவில்லை. (குத்தகையில் ஐந்து மூட்டையை விட்டுக்கொடுத்துவிட்டு வந்தேன். அதைத் தர்மம் என்று நினைத்துக்கொள்ள முயன்றேன், முடியவில்லை.)

அவர் கடன் வாங்கியது தனியாரிடம். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இருக்கிறது. தவணை தவறாமல் கட்டினால் வட்டியே இல்லை. அதற்குச் சிட்டா, அடங்கல் வேண்டும். பயிர்க் காப்பீட்டில் விவசாயி கட்டும் பங்கு குறுவைக்கு 2 விழுக்காடு, சம்பாவுக்கு 1.5 விழுக்காடு. அதற்கும் அடங்கல் வேண்டும். 2025இல் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கு அடிப்படை நில ஆவணம். பிரதமர் பெயரிலான கிசான் உதவித்தொகை ஆண்டுக்கு 6,000 ரூபாய் நில உடைமையாளருக்கு மட்டும், அதிலும் வெளிநாடுவாழ் இந்தியருக்கு இல்லை. ஆக அந்த வயலுக்கு அவராலும் வாங்க முடியாது, நம்மாலும் வாங்க முடியாது. நம்மில் சிலர் வாங்கிக்கொண்டிருப்பது வேறு கதை.

எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளிருந்து ஒரே கேள்விதான் வருகிறது: நிலம் யாருடையது? உழுகிறவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் எழுதித் தரக்கூடியவர்கள் நாம் மட்டும்தான்.

உடனே நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். “எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும்.” என் அப்பாவும் அதையே சொன்னார். சாகும் வரை சொன்னார்.

அந்தப் பயம் முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். 1955ஆம் ஆண்டு குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, பாக்கியில்லாமல் குத்தகை அளந்து உழுகிறவரை நாம் நினைத்தபோது வெளியேற்ற முடியாது. 1969ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய வழி வைத்தது. ஆனால் இந்தப் பயத்தில் ஒரு தப்புக்கணக்கு இருக்கிறது. தாளில் எழுதினால்தான் குத்தகை என்று 1955 சட்டம் சொல்லவில்லை. வாய்ப்பேச்சுக் குத்தகையும் குத்தகைதான். எழுதாமல் விட்டதால் நம் நிலம் கூடுதலாக ஒன்றும் பத்திரமாகிவிடவில்லை. அவருக்குக் கிடைக்க வேண்டிய கடனும் காப்பீடும் நிவாரணமும் போனதுதான் மிச்சம்.

அந்தச் சட்டங்கள் யாரோ ஒருவர் இரக்கப்பட்டுக் கொடுத்தவை இல்லை என்பதும் நமக்கு மறந்துவிட்டது. 1952இல் தஞ்சை மாவட்டத்துக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது என்றால் நம் மாவட்டத்தின் யோக்கியதை என்ன என்று யோசித்துக்கொள்ளலாம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டவர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கீழ்வெண்மணி நம் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரம்தான். சிறு வயதில் அந்தப் பெயரை நம் தெருவில் யாரும் உரக்கச் சொல்லிக் கேட்டதில்லை. கிழக்குத் தெருவில் சொல்வார்கள்.

இனி ஊருக்குத் திரும்பிப் போய் நாமே உழப்போகிறோம் என்ற பேச்சு. நானும் பேசுவேன், இரண்டாவது கோப்பை தேநீருக்குப் பிறகு. நம் பிள்ளைகளுக்கு மா என்றால் மாவரைக்கும் மா. நாம் உழப்போவதில்லை. இப்போதே நம் வயலில் நாற்று நடுகிறவர்கள் யார் தெரியுமா? நான் ஊரில் இருந்த வாரம் தாளடி நடவு நடந்தது. வரப்பில் நின்று பார்த்தால் வரிசையாகக் குனிந்து நின்றவர்கள் மேற்கு வங்கத்துப் பையன்கள். நடவு பேசி, குழுவாக வந்து, மோட்டார் கொட்டகையில் தங்கி, ஊர் ஊராக நட்டுக்கொண்டு போகிறார்கள். இங்கே தளத்தில் பங்களாதேஷ் நண்பர்களிடம் கற்றுக்கொண்ட நாலு சொல் எனக்கு உண்டு. “கேமோன் ஆச்சோ?” என்று கேட்டேன். முதல் வரிசையில் நின்ற ஒருவன் நிமிர்ந்து, முதுகில் கை வைத்துக்கொண்டு, சிரித்தான். முர்ஷிதாபாத் என்றான். என் அப்பாவின் வரப்பில் நின்று, சிங்கப்பூரில் கற்ற வங்காளியில், என் வயலில் நடுகிறவனை நலம் விசாரித்தேன். அவனுடைய ஊரில் அவன் வயலை யார் நடுகிறார்கள் என்று கேட்கத் தோன்றியது. அந்த அளவுக்கு வங்காளி தெரியாது.

ஊருக்கு எதிர்காலம் உண்டா என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்டக்கூடிய ஆள் ஒருவன் இருக்கிறான். பெரியவரின் பேரன். பட்டயப்படிப்பு முடித்துவிட்டு அறுவடை இயந்திரம் ஓட்டுகிறான். பெல்ட் வண்டி, அடுத்தவர் வண்டி, நாள் சம்பளம். எந்த வயல் எங்கே புதையும், எந்த மதகில் தண்ணீர் முதலில் வற்றும் என்று அவன் கால்களுக்குத் தெரியும். மூணாறு தலைப்பு மதகில் திறந்த தண்ணீர் நம் கடைமடைக்கு என்றைக்கு எட்டும் என்று அவன் சொன்னால் அநேகமாகச் சரியாக இருக்கும். நாம் மேட்டூர் 120 அடியைத் தொட்டுவிட்டது என்று படத்தைப் பகிர்வதோடு சரி. நம்முடைய சிதறிய நிலங்களை ஒன்றாகக் கொடுத்தால், குறுவையை நேரடி விதைப்பாகச் செய்யலாம், நாற்றங்காலும் நடவுக் கூலியும் மிச்சம் என்கிறான். தாளடிக்குப் பிறகு பழையபடி உளுந்து தெளிக்க வேண்டும் என்கிறான். இயந்திர அறுவடை வந்த பிறகு ஊரில் உளுந்து அருகிப்போனது உங்களுக்குத் தெரியும். நம் வீட்டு இட்லிக்கு இப்போது தேக்காக் கடை உளுந்துதான். நடவு இயந்திரம் வாங்கக் கடன் கேட்டுப் போனானாம். “உன் பெயரில் அடங்கல் இருக்கிறதா தம்பி?” என்று கேட்டார்களாம். திரும்பி வந்துவிட்டான். இன்னும் இரண்டு வருடம் பார்ப்பான். பிறகு அவனும் இங்கே வந்து நம்மோடு தங்கும் விடுதியில் படுப்பான். அப்போது வளைவின் கீழே நடந்துபோக யார் இருப்பார்கள்?

விற்றுவிடலாம் என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாலையோர நிலங்களைக் கேட்டு மனைத் தரகர்கள் வருவது எனக்குத் தெரியும், எனக்கும் இரண்டு முறை அழைப்பு வந்தது. 2020ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயுத் துரப்பணத்தையும் உருக்காலைகளையும் தடுக்கிறது. மனைக்கல்லைத் தடுக்க அதை நம்பி இருக்காதீர்கள். வெளிநாடுவாழ் இந்தியரான நாம் கையில் இருக்கும் விவசாய நிலத்தை வைத்துக்கொள்ளலாம். விற்பதென்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு விற்கலாம். ஆனால் விவசாய நிலத்தை விலை கொடுத்து வாங்க நமக்கு அனுமதி இல்லை. இங்கே இருக்கிறவரை, விற்றது விற்றதுதான்.

நான் கேட்பது இது. பதிவு வரை போகத் துணிவுள்ளவர்கள் போங்கள். துணிவில்லாதவர்கள் குறைந்தபட்சம் பருவத்துக்கு ஓர் ஒப்புதல் கடிதம் எழுதுங்கள். ‘பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) 1435, இன்ன சர்வே எண், இவ்வளவு பரப்பு, சாகுபடி செய்பவர் இன்னார், கடனும் காப்பீடும் நிவாரணமும் அவர் பெயரில் பெற எனக்கு ஆட்சேபம் இல்லை.’ அரைப் பக்கம்தான். கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் பயிர் செய்கிறவர் பெயரை எழுத இது கைகொடுக்கும். எனக்குக் கைகொடுத்தது. விடுப்பு முடிவதற்கு இரண்டு நாள் முன்பு எழுதிக் கொடுத்தேன், தாளடிக்குப் பெரியவர் பெயர் ஏறிவிட்டது. ஊருக்குப் போக முடியாதவர்கள் இங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரத்துக்குச் சான்றொப்பம் பெற்று, ஊரில் இருக்கும் உறவினர் ஒருவர் மூலம் செய்யலாம். பாகம் பிரியாத நிலம், பட்டா மாறாத நிலம், அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாத நிலம் என்று சிக்கல்கள் இருக்கின்றன. அவற்றை ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றாகப் பேசலாம். எல்லாவற்றுக்கும் என்னிடம் விடை இல்லை.

கடிதத்தின் மாதிரியை நாற்பது படி எடுத்துக்கொண்டு வருகிறேன். நீங்கள் பட்டா எண்ணையும் சர்வே எண்ணையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். உங்கள் நிலத்தை யார் உழுகிறார்கள் என்ற இடத்தில் அவருடைய முழுப் பெயரை எழுத வேண்டியிருக்கும், தகப்பனார் பெயரோடு. எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. பெரியவரிடமே கேட்டுத்தான் எழுதினேன். நீங்களும் முன்கூட்டியே ஊருக்கு அழைத்துக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வளைவுக்கான 300 வெள்ளியையும் கையோடு கொண்டு வருகிறேன்.

உங்களில் ஒருவன்,
ஏழரை மாக்காரன்,
உட்லண்ட்ஸ், டிசம்பர் 2025